மீன் படாத வைன்

அன்றைக்கு அந்த வான் வண்டியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஓட்டியவர் நான் காதலிக்கும் பெண்ணின் அப்பா. அவருக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா. பின் இருக்கையில் என் அம்மாவும் நானும். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. அவருக்குப் பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றரை மடங்கு சம்பளம், ஆகவே அவரைக் கேட்கவே தேவையில்லை. மற்றவர் அவள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு அன்று பகல் ஷிப்ட். யாருக்காக இந்தப் பயணமோ அவளே இல்லாத பயணம் என்று நினைத்தேன். யாருக்காக இந்தப் பயணம் என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பது அடுத்த நினைப்பு.

நானும் அவளும் பல்கலைக்கழகத்திலிருந்து பழகுகிறோம். வசந்தம் தொடங்கியபோது அவள் தன் வீட்டில் சொன்னாள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் இரண்டு வீட்டாரும் சந்தித்தோம். சுகம் விசாரித்தோம், வடை சாப்பிட்டோம், கலைந்தோம். அதற்குப் பிறகு ஓம் என்றும் ஒரு சொல் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லமாட்டார்கள். போன் எடுப்பதைக் குறைப்பார்கள். விருப்பம் என்றாலும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் அது எப்படித் தெரியவரும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"தெரியும்."

"எப்பிடியம்மா?"

"தெரிய வரேக்க தெரியும். சும்மா அரியண்டம் பண்ணாத."

அவர்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அவளுடைய அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் என் அம்மா போன்றவர்கள் அவரை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதற்கும் முன்னரே. அதனாலோ என்னவோ, எது வந்தாலும் அதை ஒரு சோதனையாக நினைத்துப் படித்துவிடுவது என் பழக்கம். கார் ஓட்டப் பழகியதும் அப்படித்தான், காதலித்ததும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இந்தச் சோதனைக்கு வினாத்தாள் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

புரட்டாதி மாதத்தில் ஒருநாள் அவளுடைய அப்பா, அதாவது அங்கிள், எனக்குப் போன் எடுத்தார். அவர் வீடு வாங்குபவர்களுக்கு மோர்ட்கேஜ் கடன் எடுத்துக் கொடுப்பவர். எதைச் சொன்னாலும் நல்ல வட்டி வீதம் ஒன்றைச் சொல்வது போலவே சொல்வார்.

"தம்பி, வாற ஞாயிறு ஃப்ரீயோ? நயாகராப் பக்கம் போவம். நீர்வீழ்ச்சிக்கில்லை, அது எல்லாரும் பாத்ததுதானே. இந்த வைன் செய்யிற தோட்டங்கள் கிடக்கெல்லே, அங்க. ஒரு கஸ்ரமர் நாலு பேர் வைன் ருசி பாக்க ரேஸ்ரிங் கூப்பன் தந்தவர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம் அங்கிள்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் குழம்பத் தொடங்கினேன். ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் விசாரிப்பது, பெடியன் குடிக்கிறவனோ என்பதைத்தான். விசாரிக்கவேண்டியவரே குடிக்கக் கூட்டிக்கொண்டு போனால் அதற்கு என்ன பொருள்? குடித்தால் குடிகாரன். குடிக்காவிட்டால் நாலு இடம் போய்ப் பழகத் தெரியாதவன். அம்மாவோடு இதைப் பேசிப் பார்த்தேன்.

"குடிக்கச் சொன்னா என்னம்மா செய்யிறது?"

"குடியாத."

"பெரியாக்கள் சொல்லிக் கேக்கேல்லை எண்டு நினைக்கமாட்டினமே?"

"அப்ப கொஞ்சம் குடி."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு?"

"என்னட்டக் கேக்கிறாய்? யூனிவேர்சிற்றிக்குப் போனது நானோ நீயோ?"

ஒரு வாரம் இரவு இரவாகக் காணொளி பார்த்துப் படித்தேன். கிளாஸை அதன் ஒல்லிக் காலில் பிடிக்கவேண்டும், அதன் வயிற்றில் பிடிக்கக்கூடாது. சுழற்றவேண்டும், முகரவேண்டும், பிறகுதான் வாய். கபெர்னே, மெர்லோ, ஷார்டனே, பினோ நுவார் என்று நான்கு திராட்சை இனங்களின் பெயரையும் அவற்றின் குணங்களையும் பாடமாக்கினேன். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அப்பிள் சாறை ஊற்றிச் சுழற்றிப் பழகிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன, கிளாஸ் கழுவுறியோ?" என்றார்.

ஞாயிறு காலை அங்கிள் வந்து எங்களை ஏற்றினார். அம்மா இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்ரி சிவதீட்சை எடுத்தவர், மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்காக முதல்நாள் போய்ப் புதுச் சட்டி வாங்கியிருந்தார். வழியில் ஏரிக்கரையோரம் நிறுத்திச் சாப்பிட்டபோது அதை இரண்டு முறை சொன்னார்.

"ரீச்சர், இது புதுச் சட்டி. மீன் இறைச்சி ஒண்டும் படாதது."

"ஏன் அக்கா இவ்வளவு கரைச்சல்பட்டனீங்கள்?" என்றார் அன்ரி. ஆனால் இரண்டாம் தரமும் இடியப்பம் எடுத்தார். அது நல்ல அறிகுறியா, வெறும் பசியா என்று நான் யோசித்தேன்.

தோட்டம் நீளமாகக் கிடந்தது. பறவைகள் கொத்தாமல் திராட்சைக் கொடிகளின்மேல் வலை போர்த்தியிருந்தார்கள். "எவ்வளவு முந்திரிகை" என்று அம்மா வலைக்குள் கையை விட்டு ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். நான் பதறிப்போய் அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே வட்ட மேசைகளுக்குப் பதில் பெரிய மரப் பீப்பாய்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாம்பல் நிற ஏப்ரன் கட்டிய ஒரு பெண் எங்களுக்கு ஊற்ற வந்தார். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். படித்ததைக் காட்டக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். "கபெர்னே" என்றேன். அவர் சிரித்தார். அதெல்லாம் எங்கேயும் கிடைக்குமே, இந்தக் கூப்பனில் வருகிறவர்களுக்கு அவர்கள் எதிர்பாராததைத்தான் கொடுப்போம் என்றார். மெர்லோ? இல்லை. பினோ நுவார்? இன்றைக்கு இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியேயிருந்து முழு வினாத்தாளும் வந்துவிட்டது.

முதலாவது, விடால் என்று ஒரு வெள்ளை. பெயரே நான் கேள்விப்படாதது. அம்மாவுக்கும் அன்ரிக்கும் திராட்சைச் சாறு வந்தது. அங்கிள் தன் கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"நான் ட்ரைவ் பண்ணவேணும். நீங்கள் எடுங்கோ தம்பி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். காணொளியில் சொல்லித்தராத ஒன்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவன் பெரியவர்களின் முகத்துக்கு நேரே குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான். நான் கிளாஸைக் காலில் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்று, ஒரு வாய் உறிஞ்சினேன். பழ வாசமாக இருந்தது. என்ன பழம் என்று தெரியவில்லை. விழுங்குவதா? பீப்பாயின்மேல் துப்புவதற்கென்று ஒரு சிறு வாளி இருந்தது. தேர்ந்தவர்கள் துப்புவார்கள் என்று படித்திருந்தேன். திரும்பி வாளியை எடுத்தேன்.

"என்னடா துப்பப் போறியோ?" என்றார் அம்மா. "தந்ததைத் துப்புறதோ, அவையளுக்கு முன்னால?"

விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏப்ரன் பெண், சுகமில்லையா என்று என்னைக் கேட்டார்.

அப்போது அன்ரி, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில், தெளிவான ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணைக் கேட்டார், இந்த வைன் சைவமா என்று. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. திராட்சையில் செய்தது சைவமில்லாமல் வேறென்ன? ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். இந்த விடால் சைவமில்லை என்றார். கலங்கலாக இருக்கும் வைனைத் தெளியவைக்க மீனின் உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பையை உலர்த்திச் சேர்ப்பார்களாம். 

நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் அழுக்கு திரண்டு அடியில் இறங்கும் என்பது எனக்குத் தினமும் பார்க்கிற சங்கதி. ஆகவே விஷயம் விளங்கியது. ஆனால் வைனுக்குள் மீன் என்பது விளங்கவில்லை. ஒரு வாரம் படித்தவனுக்கு ஒரு காணொளியும் இதைச் சொல்லவில்லையே. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"மீனின்ர பையோ?" என்று அம்மா தன் திராட்சைச் சாறையும் தள்ளி வைத்தார்.

"அது கலங்கலைப் பிடிச்சுக்கொண்டு அடியில இருந்திடும் அம்மா. பிறகு வடிச்சிடுவினம்."

"வடிச்சாப் பிறகு மீன் இல்லைத்தானே?" என்றார் அங்கிள்.

"மீன் குழம்பை வடிச்சா சைவக் குழம்போ?" என்றார் அன்ரி.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "இல்லைத் தம்பி, விசயம் என்னெண்டா, கலியாண றிசெப்ஷனில மேசைக்கு ஒரு வைன் போத்தல் வைப்பம் எண்டு யோசிக்கிறன். வைக்காட்டிச் சனம் பார்க்கிங்கில கார் ட்ரங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டு குடிக்குது. அது மரியாதையில்லை."

"நான் வேண்டாமெண்டனான்" என்றார் அன்ரி. "இவர் கேக்கேல்லை. வைக்கிறதெண்டா மச்சம் படாததா வையுங்கோ எண்டு விட்டுட்டன். வாறவை குடிக்கட்டும். ஆனா எங்கட பிள்ளையின்ர கலியாணத்தில மேசையில மீன் இருக்கக்கூடாது."

மது இருக்கலாம், மீன் இருக்கக்கூடாது. இந்த நியாயம் எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் அப்போது என்னைப் பிடித்து ஆட்டியது வேறு. எங்கட பிள்ளையின் கலியாணம். எந்தப் பிள்ளை? அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், கல்கரியில். அவனுக்கும் பெண் பார்க்கிறார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மூத்தவன் இருக்க இளையவளுக்கு முதலில் செய்வார்களா? அவனுடைய கலியாணத்துக்கு வைன் தெரிவுசெய்ய என்னை ஏன் கூட்டிவந்தார்கள்? வெள்ளைக்காரரோடு வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தா? கேட்கவும் முடியாது. "அங்கிள், ஆற்ற கலியாணம்?" என்று எந்த வாயால் கேட்பது? அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கே என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு இரகசியமாகச் செய்தி அனுப்பினேன். அவளுடைய போன் வேலை நேரத்தில் லொக்கரில் இருக்கும் என்பது தெரிந்தும் அனுப்பினேன்.

இரண்டாவது, பாகோ என்று ஒரு சிவப்பு. நாவற்பழம் சாப்பிட்ட நாக்கைப் போன்ற நிறம், கொஞ்சம் புகை மணம். நான் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்தேன். பிடித்திருந்தது. பிடித்ததை முகத்தில் காட்டலாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தே கொஞ்சம் நின்றேன். அதைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு போடுகிறார்கள் என்றார் அந்தப் பெண்.

"முட்டை?" என்றார் அங்கிள், நம்பிக்கையோடு.

"முட்டையும் கூடாது" என்றார் அன்ரி.

மூன்றாவது போத்தலை அந்தப் பெண் ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். ஒரேஞ்ச் வைன் என்றார்.

"தோடம்பழத்திலயோ?" என்று அங்கிள் ஆர்வமானார்.

தோடம்பழம் இல்லை. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டுச் செய்வது, அதனால் அந்த நிறம். வடிப்பதில்லை, தெளிவிப்பதில்லை, மீனும் இல்லை முட்டையும் இல்லை. முழுச் சைவம். கிளாஸில் ஊற்றியபோது கலங்கி, மங்கலாக, ஓரத்தில் நுரையோடு நின்றது. என் பரிசோதனைக் கூடத்துக்கு இப்படி ஒரு சாம்பிள் வந்தால் கருவியில் வைக்க முன்னரே தோல்வி என்று எழுதிவிடுவேன். இதற்குத்தான் மற்றவற்றைவிட விலை கூட என்றார் அந்தப் பெண்.

அன்ரியின் முகம் மலர்ந்தது. "அப்ப உந்த வைனை எடுப்பம்."

அங்கிள் பொறுக்கமுடியாமல் தானும் ஒரு மிடறு வாயில் விட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "உது கள்ளெல்லே!" என்றார்.

"மெல்லக் கதையுங்கோப்பா" என்றார் அன்ரி.

"கள்ளடியப்பா! அந்தப் புளிப்பு, அந்த நுரை, ஒரு வித்தியாசமும் இல்லை. தம்பி, குடிச்சுப் பாருங்கோ."

திரும்பிக் குடித்தேன். நான் கள் குடித்ததில்லை. ஒப்பிட எனக்கு ஒன்றுமில்லை. புளித்தது. அவ்வளவுதான் சொல்லமுடியும்.

"றிசெப்ஷனில கள்ளு வைச்சவை எண்டு பேர் வரட்டும்" என்றார் அங்கிள். "ஒவ்வொரு மேசையிலயும் அறுபது வயசு தாண்டின ரெண்டு பேர் இருப்பினம். ஒரு வாயிலயே கண்டுபிடிச்சிடுவினம். அடுத்த கலியாணம் வரைக்கும் எங்கட கதைதான்."

"கலங்கலா இருந்தா என்ன, சுத்தமா இருக்கு. பளிங்கு மாதிரி இருந்து உள்ளுக்க மீன் இருக்கிறதை விட உது எவ்வளவோ திறம்."

"சனத்துக்கு மீன் தெரியாது, கள்ளுத் தெரியும்!"

"எனக்குத் தெரியும்!"

பக்கத்துப் பீப்பாயில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி சொல்லட்டும். படிச்ச பிள்ளை" என்றார் அங்கிள்.

"ஓம், நீங்கள் சொல்லுங்கோ" என்றார் அன்ரி.

இதுதான் கேள்வி என்று அப்போது நினைத்தேன். இதற்காகத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள். அங்கிள் பக்கம் நின்றால் அன்ரி போய்விடுவார். அன்ரி பக்கம் நின்றால் அங்கிள். இரண்டில் எவர் போனாலும் அவள் எனக்கு இல்லை. வாயில் புளிப்பு இன்னும் இருந்தது. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றேன்.

"உது பதிலில்லைத் தம்பி" என்றார் அன்ரி. எத்தனை பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய வசனமோ.

போன் அதிர்ந்தது. அவளுக்கு இடைவேளை போலிருக்கிறது. "சும்மா நோர்மலா இருங்கோ" என்று எழுதியிருந்தாள். நோர்மல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்க நேரமில்லை.

நோர்மலாக நான் செய்வது ஒன்றுதான். ஆய்வுகூடத்தில் ஒரு சாம்பிள் இரண்டு விதமாகவும் சரிவராவிட்டால் மூன்றாவது வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: தெளிந்ததாகவும் இருக்கவேண்டும், மீனும் முட்டையும் படாததாகவும் இருக்கவேண்டும். அப்படி ஒன்று உண்டா?

அவர் கொஞ்சம் யோசித்தார். கூப்பனில் இல்லாதது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஒல்லியான சின்னப் போத்தல் ஒன்றோடு வந்தார். ஐஸ்வைன். பழத்தைப் பறிக்காமல் மார்கழி, தை வரை கொடியிலேயே விட்டு, அது கல்லாக உறைந்த பிறகு, அந்தக் குளிரிலேயே பறித்துப் பிழிகிறார்களாம். ஒரு பழத்தில் ஒரு துளிதான் வருமாம். தெளியவைப்பது வெறும் களிமண்ணால். அதுவும் அதே விடால்தான் என்றார். சற்றுமுன் மீனோடு வந்த அதே திராட்சை இப்போது மண்ணோடு வந்து நின்றது.

பொன் நிறம். எதிர்ப் பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவு. நான் கிளாஸை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"தம்பி" என்றார் அன்ரி பின்னாலிருந்து, "ஏன் ஒவ்வொருக்காலும் அங்கால திரும்புறியள்?"

"அது... பெரியாக்களுக்கு முன்னால குடிக்கிறது..." என்று இழுத்தேன்.

அங்கிள் சத்தமாகச் சிரித்தார். "அட, நான் நினைச்சன், வைன் பிடிக்கேல்லை, எங்களுக்கு முகத்தைக் காட்டக்கூடாது எண்டு திரும்புறார் எண்டு."

"நான் நினைச்சன், நல்லாக் குடிச்சுப் பழகின ஆள், அதை எங்களுக்கு மறைக்கிறார் எண்டு" என்றார் அன்ரி. சிரிக்காமல்தான் சொன்னார்.

"சத்தியமாப் பழக்கமில்லை அன்ரி."

"அது தெரியுது. குடிக்கேக்க இருமல் மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி மூக்கைச் சுளிக்கிறியள். சுவர்க் கண்ணாடியில பாத்தனான்."

அந்தச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி சாய்த்து மாட்டியிருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை.

அன்ரி குடிக்கவில்லை. கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். "தேன் மாதிரி வாசம்" என்றார். என் அம்மா, யாரும் எதிர்பாராமல், சுண்டுவிரலை உள்ளே விட்டு நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல சீனிப் பாணி. பாயாசத்துக்கு விடலாம்."

அந்தப் பெண் விலையைச் சொன்னார். அங்கிள் போத்தலைக் கையில் எடுத்து உயர்த்தினார், தாழ்த்தினார். "உந்தச் சின்னப் போத்தலோ? ஒரு மேசையில பத்துப் பேருக்கு எப்பிடிக் காணும்?"

"ஆளுக்கு ஒரு சொட்டு காணும்" என்றார் அன்ரி.

"தீர்த்தம் மாதிரி எண்டுறீர்."

"உங்கட வாய்!"

"இல்லையப்பா, யோசிச்சுப் பாரும்." அங்கிளுடைய மோர்ட்கேஜ் குரல் திரும்பி வந்துவிட்டது. "வைச்ச மாதிரியும் இருக்கும், குடுக்காத மாதிரியும் இருக்கும். விலை தெரிஞ்சவன் மரியாதை எண்டுவான். விலை தெரியாதவன் சிரப் எண்டு குடிப்பான். ஒருத்தனுக்கும் வெறிக்காது."

அன்ரி போத்தலை வாங்கிப் பின்பக்கம் இருந்ததை முழுவதும் வாசித்தார். கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், தன் கணவரையும் பார்க்காமல், என் அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, எங்கட பக்கம் பதினெட்டு மேசை வரும். உங்கட பக்கம் எத்தினை?"

"பன்ரண்டு, ரீச்சர்" என்றார் அம்மா.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயதைக் கேட்டால் சொல்வது போலச் சொன்னார். நான் அந்தப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்கரி அண்ணனுடைய கலியாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஏன் பன்னிரண்டு மேசை? அப்பாவோடு வேலை செய்பவர்களையும் கூப்பிடுவதா? யாருடைய... என்று யோசனை அவ்வளவு தூரம் போன பிறகுதான், மெல்ல, பின்னாலிருந்து முன்னுக்கு, அது எனக்கு விளங்கியது. கிளாஸில் மிச்சமிருந்ததை நான் சுவர்ப் பக்கம் திரும்பாமலேயே குடித்துவிட்டேன். அந்தப் பெண் மட்டும் மறுபடி, உங்களுக்குச் சுகமா என்று கேட்டார்.

"முப்பது" என்றார் அங்கிள் அவரிடம். "மேசைக்கு ஒண்டு."

அதற்குப் பிறகு கல்லாவில் ஒரு இழுபறி. அன்ரி தன் அட்டையை நீட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து தன்னுடையதை அதற்குமேல் வைத்தார். "விடுங்கோ அக்கா", "நீங்கள் விடுங்கோ ரீச்சர்" என்று இரண்டு அட்டையும் மாறி மாறித் தள்ளுப்பட்டன. யாருடையது கடைசியில் போனது என்று நான் பார்க்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வான் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அந்தப் பெண் தொகையை உரத்துச் சொன்னது மட்டும் கேட்டது. முப்பது சின்னப் போத்தல், வரி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் பத்துப் பத்துச் சதம், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது டொலர் ஐம்பது சதம்.